இல்லாமையின் இலக்கணம்: பொருள்நோக்குச் செய்நிரல்களில் விருப்பச் சார்புகள்

செய்நிரல் எழுதுவோர் நாடோறும் எதிர்கொள்ளும் சிக்கல்களுள், மிகச் சிறியதாகத் தோன்றிப் பெருங்கேடு விளைப்பது ஒன்றுண்டு. செய்நிரலின் ஒரு கூறு தன் பணியை முடிப்பதற்கு வேறொரு கூற்றின் துணையை நாடுகின்றது. அத்துணை சில வேளை இருக்கும். சில வேளை இராது. இராத வேளையில் துணை நாடிய கூறு யாது செய்தல் வேண்டும்? நின்றுவிடுவதா? பேசாமற் கடந்து செல்வதா? பிறிதொன்றைத் துணையாகக் கொள்வதா? இல்லாமையைத் தன்னை அழைத்தவருக்கு எடுத்துரைப்பதா? இவ்வினாவுக்குச் செய்நிரல் மொழிகள் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக அளித்துவந்த விடைகளை நோக்குவதும், அவற்றுள் எது எவ்விடத்துக்குப் பொருந்தும் என ஆராய்வதும், இவ்வினா தமிழ்மொழியின் இன்றைய நிலையோடு எவ்வாறு தொடர்புறுகின்றது எனக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள் கொழும்புக்கு அயலானதன்று. 'வெற்றுச்சுட்டு' எனும் கருத்தைச் செய்நிரல் மொழியொன்றனுள் 1965இல் இடம்பெறச் செய்த ரொனி ஹோர், 1934இல் கொழும்பிற் பிறந்தவர். இல்லாமையைத் தரவு வகையின் ஒரு பகுதியாகவே கொண்டு கையாளும் 'பலரீனா' என்னும் மொழி கொழும்பில் உருப்பெற்று 2017இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட அரைநூற்றாண்டு வரலாறே ஈண்டு ஆராயப்படும் பொருளின் வரலாறு எனலாம்.

1. கட்டாயச் சார்பும் விருப்பச் சார்பும்

பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்தில், தரவையும் அத்தரவின்மீது நிகழ்த்தத்தக்க செயல்களையும் ஒருங்கே கொண்ட அலகு 'பொருள்' எனப்படும். ஒரு பொருள் தனித்து இயங்குவது அரிது. அது பிற பொருள்களுக்குச் செய்தி விடுத்து, அவற்றைக் கொண்டு தன் வேலையை நிறைவேற்றிக்கொள்ளும். இவ்வாறு துணைபுரியும் பொருள், துணை நாடும் பொருளின் 'சார்பு' ஆகும்.

வெள்ளவத்தையில் மருந்தகம் ஒன்று தன் அன்றாட அலுவலுக்குச் செய்நிரல் எழுதுவிப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அதில் 'மருந்துச்சிட்டை' என்பது ஒரு பொருள். வைத்தியர் எழுதிய மருந்துகளை வழங்குவதற்கு அது ஐந்து துணைகளை நாடுகின்றது. மருந்து எத்துணை உண்டெனக் கூறும் கையிருப்பேடு முதலாவது. நிகழ்ந்தவற்றைக் குறித்துவைக்கும் நிகழ்வுக் குறிப்பான் இரண்டாவது. மருந்து ஆயத்தம் என நோயாளிக்குக் குறுஞ்செய்தி விடுக்கும் அறிவிப்பான் மூன்றாவது. நோயாளியின் உடலுக்கு அம்மருந்து ஒவ்வுமா எனச் சோதிக்கும் ஒவ்வாமைச் சரிபார்ப்பான் நான்காவது. மருந்துறையில் அச்சிட வேண்டிய அறிவுறுத்தலை நோயாளியின் மொழியிலே தரும் மொழிபெயர்ப்பான் ஐந்தாவது.

கையிருப்பேடு இல்லையேல் வேலையே இல்லை. ஆதலின் அது கட்டாயச் சார்பு. ஏனைய நான்கும் இல்லாதபோதும் மருந்தை எடுத்துக் கொடுத்துவிடலாம் எனச் செய்நிரலாளர் கருதக்கூடும். அவ்வாறு கருதப்படுவன விருப்பச் சார்புகள். நான்கு துணைகளும் ஒவ்வொன்றும் இருக்கலாம் அல்லது இல்லாதிருக்கலாம் எனின், மருந்துச்சிட்டை எதிர்கொள்ளக்கூடிய நிலைகள் 16 ஆகும். துணைகள் பத்தாயின் நிலைகள் 1024. இத்தனை நிலைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பார் எவருமிலர். எனவேதான் இல்லாமையைக் கையாளும் பொறுப்பை மனித நினைவாற்றலிடம் விடாது, மொழியின் இலக்கணத்திடமே ஒப்படைக்கும் முயற்சிகள் எழுந்தன.

2. வெற்றுச்சுட்டின் தோற்றம்

அல்கோல் டபிள்யூ என்னும் மொழியில் பொருள்களைச் சுட்டும் சுட்டுக்களுக்கான வகையமைப்பை ஹோர் வகுத்தார். சுட்டுக்கள் அனைத்தும் பிழையின்றிப் பயன்படுவதைத் தொகுப்பி தானே உறுதிசெய்தல் வேண்டும் என்பது அவர்தம் குறிக்கோள். எனினும் எதனையும் சுட்டாத ஒரு சுட்டினையும் அவர் அனுமதித்தார். செயற்படுத்துவதற்கு அது எளிதாயிருந்தமையே காரணம் என, 2009இல் இலண்டனில் நிகழ்ந்த மாநாடொன்றில் அவரே விளக்கினார். நாற்பதாண்டுக் காலத்தில் நூறு கோடி டொலர் அளவுக்கு இழப்பை விளைவித்திருக்கக்கூடிய தவறு என அதனை அவர் அங்கு மதிப்பிட்டார்.

இதன் தீங்கு யாது? 'அறிவிப்பான்' வகையைச் சேர்ந்தது என அறிவிக்கப்பட்ட மாறியொன்று உண்மையில் அறிவிப்பானைச் சுட்டலாம், வெறுமையையும் சுட்டலாம். இரண்டையும் வகைப்பெயர் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. ஆகவே தொகுப்பியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வெறுமைக்குச் செய்தி விடுக்கப்படும்போது, செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கையிலேயே முறிகின்றது. சீ, சீ++, ஜாவா முதலிய மொழிகள் அனைத்தும் இக்கருத்தை ஏதோவொரு வடிவில் மேற்கொண்டமையால், இத்தகைய முறிவு செய்நிரலாளர் நன்கறிந்த அன்றாட நோயாயிற்று.

நோய்க்கு முதல் மருந்து, பயன்படுத்துமுன் ஒவ்வோரிடத்தும் 'வெறுமையா?' எனச் சோதிப்பதாகும். இம்மருந்து பயன்தருவதே. ஆயினும் எங்கேனும் ஓரிடத்தில் சோதிக்க மறந்தால் மறந்ததைச் சுட்டிக்காட்டுவார் இல்லை. அன்றியும், இத்தகைய சோதனைகள் பெருகப் பெருக, செய்நிரலின் மெய்யான கருத்து அவற்றின் நடுவே மறைந்துபோகின்றது.

3. மௌனமாகக் கடத்தலும் மாற்றுப் பொருளை நிறுத்தலும்

இரண்டாவது விடை, வெறுமைக்கு விடுத்த செய்தியை முறிவாகக் கொள்ளாது மௌனமாகக் கடந்து செல்வதாகும். ஒப்ஜெக்ரிவ்-சீ மொழியில் வெறுமைக்குச் செய்தி விடுத்தால் யாதும் நிகழாது. எண்ணை எதிர்பார்த்த இடத்திற் பூச்சியம் கிடைக்கும். ஸ்மோல்ரோக் மொழி இதற்கு மாறானது. அங்கு வெறுமையும் ஒரு பொருளே. எனினும் தான் அறியாத செய்தி வந்தால் 'எனக்கு விளங்கவில்லை' என அது வெளிப்படையாக முறையிடும். ஒரே மரபில் வந்த இவ்விரு மொழிகளும் இவ்விடயத்தில் எதிரெதிர்த் திசைகளில் நின்றமை கவனிக்கத்தக்கது. முன்னது ஓட்டத்தைக் காத்தது. பின்னது உண்மையைக் காத்தது.

மூன்றாவது விடை, கடந்து செல்லும் இடத்தை எழுதுவோர் வெளிப்படையாகக் குறிப்பதாகும். குறூவி மொழியில் தோன்றிப் பின் சீ ஷார்ப்பில் 2015இலும், கொட்லின் மொழியில் 2016இலும் நிலைபெற்ற ?. என்னும் குறி இதற்குரியது. சுவிஃப்ட் மொழியும் 2014 முதல் இத்தகைய குறியொன்றைக் கொண்டுள்ளது. 'அறிவிப்பான்?.அனுப்பு()' என எழுதினால், அறிவிப்பான் இருப்பின் அனுப்பும். இல்லையேல் அவ்வழைப்புக் கைவிடப்படும். ஒப்ஜெக்ரிவ்-சீயின் மௌனமே இதுவும். ஆயினும் இங்கு மௌனம் எழுத்தில் தெரிகின்றது. வாசிப்பவர் அவ்வினாக்குறியைக் கண்டு, 'இது இல்லாமலும் இருக்கலாம் என எழுதியவர் எண்ணியுள்ளார்' என அறிந்துகொள்வர்.

நான்காவது விடை மொழிக்கூறன்று, அமைப்பு முறை. 1990களில் பொபி வுல்ஃப் விவரித்த 'வெற்றுப்பொருள்' முறையில், இல்லாத துணையின் இடத்தில் ஒன்றும் செய்யாத பொருளொன்று நிறுத்தப்படும். அது அறிவிப்பானுக்குரிய எல்லாச் செய்திகளையும் ஏற்றுக்கொள்ளும், எதனையும் அனுப்பாது. துணை நாடும் பொருளுக்குச் சோதிக்க வேண்டிய தேவையே எழாது. பொருளை ஆக்கும் முறையில் இயல்பிருப்பு மதிப்பொன்றைக் கொடுக்க இடந்தரும் மொழிகளில் இதனை ஒரே வரியில் அமைத்துவிடலாம்: எவரும் அறிவிப்பான் தராவிடின் வெற்று அறிவிப்பானை எடுத்துக்கொள் என்பதே அவ்வரி.

துணையின் இல்லாமை தொகுக்கும் வேளையிலேயே தெரிந்திருப்பின் வேறொரு வழியும் உண்டு. சீ ஷார்ப் 2007இல் கொண்டுவந்த 'பகுதி முறை'யில், ஒரு முறையின் பெயரை ஓரிடத்தில் அறிவித்து, அதன் உடலை வேறோரிடத்தில் எழுதலாம், எழுதாமலும் விடலாம். எழுதாது விட்டால் அம்முறைக்கான அழைப்புக்கள் அனைத்தையும் தொகுப்பி நீக்கிவிடும். விருப்பச் சார்பு என்ற கருத்தையே மொழி தன் இலக்கணத்துள் ஏற்றுக்கொண்டமைக்கு இது தெளிவான சான்றாகும்.

4. இல்லாமையை வகையாகக் கொள்ளல்

ஐந்தாவது விடையே இன்று பெருவழக்காய் உள்ளது. 'அறிவிப்பான்' என்பது ஒரு வகை. 'அறிவிப்பான் அல்லது வெறுமை' என்பது வேறொரு வகை. முன்னதில் வெறுமையை வைக்க இயலாது. பின்னதற்கு, வெறுமையா எனத் தெளியுமுன், செய்தி விடுக்க இயலாது. இவ்விரு விதிகளையும் தொகுப்பியே காக்கும். மறதி இங்குத் தொகுக்கும் வேளையிலேயே பிழையாக வெளிப்படுகின்றது. நோயாளி காத்து நிற்கையில் வெளிப்படுவதன்று. சுவிஃப்ட்டும் கொட்லினும் தொடக்கத்திலேயே இவ்வாறு அமைந்தன. ஜாவா 2014இல் இதற்கென வகுப்பொன்றைத் தந்தது. சீ ஷார்ப் 2019இல், டார்ட் 2021இல் தத்தம் வகையமைப்புக்களைத் திருத்தியமைத்தன.

கொழும்பிற் பிறந்த பலரீனா இவ்வரிசையில் எண்ணத்தக்கது. 2005இல் தோன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் பொறியியலாளர்கள், நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான சஞ்சீவ வீரவரணவின் தலைமையில் இம்மொழியை உருவாக்கினர். எக்ஸ்.எம்.எல். வரையறையில் பெரும்பங்காற்றிய ஜேம்ஸ் கிளார்க் மொழி வடிவமைப்பிற் பங்கேற்றார். முதலாம் பதிப்பு 2019 செப்டெம்பரில் வெளியாயிற்று. வலையமைப்பின் வழியே வெவ்வேறு சேவைகளை ஒருங்கிணைப்பது இம்மொழியின் முதன்மை நோக்கம். பிறரிடமிருந்து வரும் தரவில் எது இருக்கும், எது விடுபட்டிருக்கும் என்பது அத்தகைய செய்நிரல்களின் உயிர்நிலை வினாவாதலின், இல்லாமையை இம்மொழி நுணுக்கமாகப் பாகுபடுத்துகின்றது.

பலரீனாவில் வெறுமை () என எழுதப்படும். வகைப்பெயரின் பின் வினாக்குறி இட்டால் 'அவ்வகை அல்லது வெறுமை' எனப் பொருள்படும். வினாக்குறி இல்லாத வகையில் வெறுமைக்கு இடமில்லை. இவ்வளவும் ஏனைய புதுமொழிகளுக்கும் பொதுவாகும். இம்மொழியில் விதந்து கூறத்தக்கவை இரண்டு. ஒன்று: பதிவொன்றின் புலம் 'அங்கு இல்லாமலே இருக்கலாம்' என்பதையும், 'அங்கு இருந்தும் அதன் மதிப்பு வெறுமையாயிருக்கலாம்' என்பதையும் இது வேறுபடுத்துகின்றது. வினாக்குறி புலத்தின் பெயருக்குப் பின் நின்றால் முன்னது. வகையின் பெயருக்குப் பின் நின்றால் பின்னது. மற்றொன்று: 'இல்லை' என்பதும் 'முயன்றேன், தவறிற்று' என்பதும் இங்கு வெவ்வேறு வகைகள். தவறுக்கெனத் தனியே பிழை வகையுண்டு. ஒரு முறை 'விடை அல்லது பிழை' தரும் என அறிவிக்கப்பட்டிருப்பின், அழைத்தவர் அப்பிழைக்குப் பொறுப்பேற்றேயாகவேண்டும். அல்லது அதனைத் தம்மை அழைத்தவரிடம் கையளித்தல் வேண்டும்.

ஆயினும் மொழி தரும் காப்பினை எழுதுவோர் தாமே குலைத்துவிடவும் கூடும். விருப்பப் புலமொன்றை ?. என்னும் குறியால் அணுகினால், புலம் இல்லாமையும் மதிப்பு வெறுமையும் மீண்டும் ஒன்றாய்க் கலந்துவிடும். ?: என்னும் குறியால் வெறுமைக்குப் பதிலாக ஒரு மதிப்பை இட்டு நிரப்பினால், வெறுமை இருந்த சுவடே மறைந்துபோகும். இலக்கணம் வேறுபாட்டை வழங்குகின்றது. அவ்வேறுபாட்டைப் பேணுவது எழுதுவோர் கடன்.

5. 'இல்லை' என்பதன் பல பொருள்கள்

இவ்வேறுபாடுகள் ஏன் வேண்டும்? மருந்தகத்துக்கே மீள்வோம். ஒவ்வாமைச் சரிபார்ப்பான் இயங்கவில்லை எனக் கொள்வோம். செய்நிரலாளர் வெற்றுப்பொருள் முறையை இங்கும் கையாண்டு, 'ஒவ்வாமை இல்லை' என எப்போதும் விடையிறுக்கும் போலிச் சரிபார்ப்பானை நிறுத்திவிட்டார். பெனிசிலின் ஒவ்வாத நோயாளியொருவர் வருகின்றார். செய்நிரல் முறியவில்லை, எச்சரிக்கவுமில்லை. 'ஒவ்வாமை இல்லை' எனத் திரை காட்டுகின்றது, மருந்தும் வழங்கப்படுகின்றது. ஒவ்வாமை பற்றிய செய்தி இல்லை என்பது, ஒவ்வாமையே இல்லை என்பதாக மாறிவிட்டது. செய்நிரல் முறிந்திருந்தால் ஓர் உயிர் காக்கப்பட்டிருக்கக்கூடும்.

அதே வெற்றுப்பொருள் முறை நிகழ்வுக் குறிப்பானுக்கு முற்றிலும் பொருத்தமானது. குறிப்பான் இல்லையேல் குறிப்பு இல்லை. மருந்து வழங்கலின் உண்மை எவ்வகையிலும் திரிபடைவதில்லை. அறிவிப்பானின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நோயாளியிடம் கைத்தொலைபேசியே இல்லையெனின் ?. என்னும் குறி போதும். கைத்தொலைபேசி இருந்தும் குறுஞ்செய்தி சென்றடையாவிடின் அது பிழை. அதற்கு மௌனம் விடையாகாது. எனவே, செயலை மட்டும் வேண்டி நிற்கும் துணைக்கு மாற்றுப் பொருளை நிறுத்தலாம். விடையை வேண்டி நிற்கும் துணைக்கு நிறுத்தலாகாது என்பது இதிலிருந்து பெறப்படும் பொது விதியாகும். விடை கூறாத துணைக்குப் பதிலாக நாமே விடை கூறுதல் பொய்ச்சான்று கூறுதலையொக்கும்.

தமிழ் இலக்கண மரபில் பயின்றோர்க்கு இவ்வகைப் பாகுபாடு புதிதன்று. 'மருந்து இல்லை' என்பது உண்மையின்மையையும், 'மருந்து அன்று' என்பது தன்மை மறுப்பையும் உணர்த்தும். இரண்டையும் ஒரே சொல்லால் மறுக்கும் மொழிகள் பலவிருக்க, தமிழ் இவற்றை வெவ்வேறு சொற்களால் வேறுபடுத்துகின்றது. 'வந்தேன்' என்னும் வாக்கியத்தில் எழுவாய் தோன்றாவிடினும், வினைமுற்றின் விகுதி அதனை ஐயமின்றி உணர்த்துகின்றது. இத்தோன்றா எழுவாய், இல்லாமைக்கு இலக்கணம் காவல் நிற்கும் நிலையாகும். வகையமைப்பு தருவதும் இத்தகைய காவலே.

மாறாக, உருபு தொக்கு நிற்கும் தொகைகளில் மயக்கம் நேரிடுவதுண்டு. 'கல்லெறிந்தான்' என்பது கல்லை எறிந்தான் எனவும் கல்லால் எறிந்தான் எனவும் விரியும். தொகைநிலைத் தொடர்கள் இரண்டு முதல் ஏழு பொருள்வரை மயங்கக்கூடும் என நன்னூலாரும் வரையறுத்தனர். மறைந்து நிற்பது எதுவென வாக்கியமே காட்டுமிடத்து மறைவு தீங்கற்றது. காட்டாதவிடத்து அது மயக்கத்துக்கு வித்தாகும். வடமொழி இலக்கணத்திற் பாணினி, விகுதி மறைந்தாலும் அதன் இலக்கண விளைவு எஞ்சி நிற்குமெனக் கொண்டு, மறைவையே ஓர் இலக்கணச் செயலாக மதித்தமையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இம்மரபுகளிலிருந்து செய்நிரல் மொழிகள் பிறந்தன எனக் கூறுதல் பொருந்தாது. இல்லாமையைப் பெயரிட்டு வகுக்க வேண்டிய தேவையை மொழியை ஆராய்ந்தோர் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தனர் என்பதே கொள்ளத்தக்கது.

6. விருப்பச் சார்பாக்கப்பட்ட மொழி

ஐந்தாவது துணையாகிய மொழிபெயர்ப்பானை இதுகாறும் ஆராயாது விட்டோம். சமூக நோக்கில் அதுவே முதன்மையானது.

ஒரு செய்நிரல் பல மொழிகளிற் பேசுதற்குப் பெரும்பாலும் ஒரே உத்தி கையாளப்படுகின்றது. திரையில் தோன்ற வேண்டிய தொடர்கள் மொழிவாரியாகத் தனித் தொகுதிகளில் வைக்கப்படும். பரவலாக வழங்கும் கெட்ரெக்ஸ்ற் என்னும் கருவி, கேட்ட தொடருக்கு மொழிபெயர்ப்பு இல்லையேல் மூலத்தொடரையே திருப்பித் தரும். மூலத்தொடர் பெரும்பாலும் ஆங்கிலம். ஜாவாவின் வளத்தொகுதி முறை, கேட்ட மொழிக்கான தொகுதி கிடையாவிடின் கணினியின் இயல்பிருப்பு மொழிக்குரியதைத் தேடும். அதுவும் கிடையாவிடின் அடித்தொகுதியை எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் முறிவில்லை, எச்சரிக்கையில்லை. பொறியியல் நோக்கில் இது பண்பான நடத்தை: வெற்றுத்திரையைக் காட்டிலும் ஆங்கிலத் திரை மேலன்றோ?

ஆனால் இதன் விளைவை நோக்குவோம். செய்நிரலின் இலக்கணத்தில் ஆங்கிலம் கட்டாயச் சார்பாகவும் தமிழ் விருப்பச் சார்பாகவும் அமைந்துவிடுகின்றன. தமிழ்த் தொடர் ஒன்று விடுபட்டால் அதனை அறிபவர் அத்திரையை வாசிக்க முயலும் தமிழர் ஒருவரே. எழுதியவருக்குத் தெரியாது, சோதித்தவருக்குத் தெரியாது, பொறுப்பான அலுவலருக்கும் தெரியாது. தமிழைத் தெரிந்தெடுத்த பின்னரும் இடையிடையே வேற்றுமொழி தலைகாட்டும் திரைகளை இந்நாட்டுத் தமிழ் வாசகர் கண்டு பழகியவரே. மருந்துறையில் 'உணவுக்குப் பின் உட்கொள்ளவும்' என்பதற்குப் பதிலாக, வாசிக்கத் தெரியாத மொழியிலே தொடர் அச்சாகுமெனின், அது வசதிக்குறைவு என்ற நிலையைக் கடந்துவிடுகின்றது.

1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தத்தின் வழி, தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. ஆங்கிலம் இணைப்பு மொழியெனக் குறிக்கப்பட்டது. சட்டத்தின் வகையமைப்பில் தமிழுக்கு வினாக்குறி இல்லை. செய்நிரலின் வகையமைப்பிலோ அது இடப்பட்டிருக்கின்றது. அவ்வினாக்குறியை இட்டவர் எவரும் தீய எண்ணத்தோடு இட்டிலர். கருவி தந்த இயல்பிருப்பை ஏற்றுக்கொண்டதொன்றே அவர் செய்தது. உரிமைகள் ஆணையால் மறுக்கப்படுவதைப் போராடித் தடுக்கலாம். இயல்பிருப்பால் மறுக்கப்படுவதை முதலிற் கண்டுபிடித்தல் வேண்டும்.

இதன் மறுதலையும் உண்டு. வினாக்குறி வேண்டிய இடத்தில் அது இடப்படாமையும் தமிழரை இடர்ப்படுத்துகின்றது. முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டாயப் புலங்களைக் கொண்ட படிவங்களை எண்ணிப்பார்க்கலாம். தமிழருட் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் என்பதொன்று இல்லை. தந்தை பெயரும் தம் பெயருமே உண்டு. படிவம் வெறுமையை ஏற்க மறுப்பதால், தந்தையின் பெயர் குடும்பப்பெயராகின்றது. சிலருக்குப் புள்ளியொன்றே குடும்பப்பெயராகின்றது. ஒரே குடும்பத்தின் தந்தையும் மகளும் பேரப்பிள்ளையும் வெவ்வேறு 'குடும்ப'த்தவராகப் பதிவுறுகின்றனர். எது கட்டாயம், எது விருப்பம் எனத் தீர்மானிப்பவர் தம் வாழ்க்கையையே பொது இலக்கணமாகக் கொள்வதன் விளைவு இது.

7. செய்யத்தக்கன

இக்குறைக்கு மொழிக்கூறுகளிலேயே மருந்துண்டு. தமிழ்த் தொடர்களையெல்லாம் கட்டாயப் புலங்களைக் கொண்ட ஒரு பதிவாக அறிவிக்கலாம். சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அதே பதிவு வகையையே பயன்படுத்தலாம். அவ்வாறாயின், புதிய தொடரொன்று சேர்க்கப்படும்போது மூன்று மொழிகளிலும் அது எழுதப்படும்வரை தொகுப்பி செய்நிரலை ஏற்காது. பலரீனா, கொட்லின், சுவிஃப்ட் முதலிய எம்மொழியிலும் இதனைச் செய்யலாம். ஜாவாவில் இடைமுகமொன்றைக் கொண்டு செய்யலாம். எழுதப்பட்ட தமிழ் நல்ல தமிழா என்பதைத் தொகுப்பி அறியாது. அதற்கு மொழியறிந்தோர் வேண்டும். ஆயினும் விடுபாடு எழுதுவோரின் மேசையிலேயே வெளிப்படும். நோயாளியின் கையில் வந்து வெளிப்படவேண்டியதில்லை.

எல்லாத் தொடர்களையும் இவ்வாறு கட்டாயமாக்குதல் இயலாதெனின், மொழிபெயர்ப்பானின் விடையை 'தொடர் அல்லது விடுபாடு' என வகைப்படுத்தலாம். விடுபாடு நேரும்போது வேற்றுமொழித் தொடரைக் காட்ட நேர்ந்தாலும், அந்நிகழ்ச்சியைக் குறித்துவைத்து, பொறுப்பானவருக்கு அறிவிப்பது இதனால் இயல்வதாகும். மௌனமான மாற்றீட்டை அறிவிக்கப்பட்ட மாற்றீடாக ஆக்குவதே இதன் பயன்.

இதுகாறும் கூறியவற்றால், ஒவ்வொரு விருப்பச் சார்பையும் அமைக்குமுன் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும் என்பது பெறப்படும். இத்துணை இல்லாமற்போவது இயல்பா, விபத்தா? இல்லாதபோது நாம் இழப்பது செயலையா, விடையையா? இல்லாமை நேர்ந்ததை அறியப்போகின்றவர் யார்? அதன் சுமையைத் தாங்கப்போகின்றவர் யார்? இயல்பாயின் வினாக்குறியிட்ட வகை தகும். விபத்தாயின் பிழை வகை தகும். செயலையே இழப்பதாயின் வெற்றுப்பொருளோ ?. என்னும் குறியோ தகும். விடையை இழப்பதாயின் அவையிரண்டும் தகா. அறிபவரும் சுமப்பவரும் வெவ்வேறு ஆட்களாயின், அவ்விடத்தில் மௌனம் எவ்வகையிலும் தகாது.

முதல் இரு வினாக்களையும் பொறியியற் கல்வி ஓரளவு கற்பிக்கின்றது. பின்னிரண்டையும் எழுப்புதற்குச் செய்நிரலின் எல்லைக்கு வெளியே நிற்கும் மக்களை அறிந்திருத்தல் வேண்டும். நுகேகொடை முதலிய இடங்களிற் கணினியியல் பயிலும் தமிழ் மாணவர், எதிர்காலத்தில் இந்நாட்டின் மருத்துவமனைகளுக்கும் வங்கிகளுக்கும் அரச அலுவலகங்களுக்கும் செய்நிரல் எழுதப்போகின்றவர்கள். வகைப்பெயரின் பின் ஒரு வினாக்குறியை இடுவதா விடுவதா எனத் தீர்மானிக்கும் கணம் அவர்கள் ஒவ்வொருவருக்கும் வரும். அக்கணத்தில் அவர்கள் எழுதுவது செய்நிரலின் ஒரு வரியாயினும், யார் இல்லாமலும் இந்நாட்டின் அலுவல்கள் நடைபெறலாம் என்னும் கேள்விக்குரிய விடையும் அதுவேயாகும்.